ஏழு என்னும் பகா எண்ணும் அதன் பல உருவங்களும்

முன்னொரு காலத்தில் ஸ்ரீ நேமிநாத சுவாமி கோயில் கொண்டிருந்த மயிலாப்பூரில், என் இல்லத்திற்கு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நம் சமூகப் பிள்ளைகள் சிலர் கணக்குப் பயில வருவதுண்டு. பொழுது மறையுமுன் அவர்கள் வீடு திரும்பி உணவு கொள்ள வேண்டுமாதலால், பாடம் ஒரு மணி நேரத்திற்கு மேல் நீளாது. அண்மையில் ஒரு நாள் வகுபடும் தன்மை பற்றிய விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிவந்த தொகை 9-ஆல் வகுபடுமாயின் அவ்வெண்ணும் 9-ஆல் வகுபடும், 3-க்கும் அவ்வாறே. ஏழாம் வகுப்புப் பயிலும் சிறுமி ஒருத்தி எழுந்து, “பாட்டி, மூன்றுக்கும் ஒன்பதுக்கும் கூட்டிப் பார்த்தால் போதும் என்கிறீர்கள். ஏழுக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு விதி இல்லை?” என்று கேட்டாள்.

“ஏழின் இயல்பு அது, அம்மா” என்றேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்து வகுப்பறையில் அடியெடுத்து வைத்த நாள் முதல், இவ்வினாவை யார் கேட்டாலும் நான் கூறிவந்த விடை இதுவே. அன்றிரவு அதனை எண்ணிப் பார்த்தபோதுதான் அவ்விடை பிழையென்பது புலப்பட்டது. குறை ஏழினிடத்தில் இல்லை. நாம் எண்ணும் பத்தினிடத்தில் உள்ளது. ஒன்றன் இயல்பை மற்றொன்றின் மேல் ஏற்றிச் சொல்லிவிட்டேன். நம் சமயநூல்கள் எச்சரிக்கும் ஒருதலைப்பட்சக் காட்சியை, நயங்களையும் அநேகாந்தத்தையும் அறிந்தவள் என்று கருதிக்கொண்டிருந்த நானே பல்லாண்டுகள் கற்பித்திருக்கிறேன். அப்பிழையைத் திருத்திக்கொள்ளும் பொருட்டே இக்கட்டுரை எழுதலாயிற்று. தாளும் எழுதுகோலும் கையிற்கொண்டு, பிள்ளைகளையும் உடன் அமர்த்திப் படிக்க வேண்டுகிறேன்.

1. எண் வேறு, எழுத்து வேறு

பன்னிரண்டு புளியங்கொட்டைகளைத் தரையில் வைத்தால், அவற்றை மூன்று வரிசையாக, வரிசைக்கு நான்காக அடுக்கலாம். ஏழு கொட்டைகளை அவ்வாறு அடுக்க இயலாது. ஒரே வரிசையாக வைக்கலாம். சம வரிசைகளாகப் பிரிக்க முயன்றால் எப்போதும் குறையும் அல்லது மிஞ்சும். இவ்வாறு 1-ஆலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7, 11, 13 என்பன பகா எண்கள்.

கொட்டைகளை அடுக்கும்போது நாம் எழுத்தையோ இலக்கத்தையோ பயன்படுத்தவில்லை. ஆகவே பகாத்தன்மை எண்ணுக்கே உரியது. எவ்வாறு எழுதினாலும் ஏழு பகா எண்ணே.

ஆனால் 365 என்று எழுதும்போது, மூன்று நூறு, ஆறு பத்து, ஐந்து என்று பொருள் கொள்கிறோம். இங்கே பத்து என்பது நாம் தேர்ந்துகொண்ட அளவு. கைவிரல்கள் பத்தாக அமைந்தமையால் வழக்கில் வந்தது. இவ்வாறு இடமதிப்புக்கு அடிப்படையாகக் கொள்ளும் எண்ணை அடிமானம் என்பர். அடிமானத்தை மாற்றினால் எண் மாறாது. அதன் உருவம் மாறும்.

இலக்கங்களைக் கூட்டும் விதி 9-க்கு ஏன் பொருந்துகிறது? 10 என்பது 9-உம் 1-உம். 100 என்பது 99-உம் 1-உம். ஆதலால் ஒவ்வொரு பத்தும், ஒவ்வொரு நூறும் 9-ஆல் வகுக்கப்படும்போது 1 மிச்சம் தருகிறது. அம்மிச்சங்களைக் கூட்டுவதே இலக்கங்களைக் கூட்டுவது. 9 அடிமானத்தினும் ஒன்று குறைந்ததாக அமைந்தமையே காரணம். 3 ஒன்பதை வகுப்பதால் அதற்கும் அதே விதி கிடைத்தது.

7-ஐக் கொண்டு 10, 100, 1000 முதலியவற்றை வகுத்தால் மிச்சங்கள் 3, 2, 6, 4, 5, 1 என வந்து, மீண்டும் 3, 2 என்று சுழல்கின்றன. ஆகவே ஏழுக்கும் விதி உண்டு, ஆனால் நீண்டது. 365-இல் ஒன்றிடத்து 5-ஐ 1-ஆலும், பத்திடத்து 6-ஐ 3-ஆலும், நூறிடத்து 3-ஐ 2-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 5 + 18 + 6 = 29. இதனை 7-ஆல் வகுக்க மீதி 1. எனவே 365-ஐ 7-ஆல் வகுத்தாலும் மீதி 1.

2. நாழியும் குறுணியும்

எளிய விதி வேண்டுமாயின் ஏழுக்கு உகந்த அடிமானத்தைத் தேட வேண்டும். அது 8. இதற்கு நாம் எங்கும் செல்ல வேண்டியதில்லை. நம் முன்னோர் நெல்லும் அரிசியும் அளந்த முகத்தலளவையில், 8 ஆழாக்கு ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி. நாழியைப் படியென்றும் குறுணியை மரக்கால் என்றும் சொல்வதுண்டு. மரக்காலின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டாலும், எட்டெட்டாகப் பெருகும் இம்முறையை வாய்பாட்டு நூல்களிற் காணலாம்.

365 ஆழாக்கு அரிசி உள்ளதாகக் கொள்வோம். குறுணி ஒன்றுக்கு 64 ஆழாக்கு. ஆகவே 5 குறுணிக்கு 320 ஆழாக்கு. எஞ்சிய 45-இல் 5 நாழிக்கு 40 ஆழாக்கு. எஞ்சியது 5. எனவே அது 5 குறுணி 5 நாழி 5 ஆழாக்கு ஆகும். எட்டை அடிமானமாகக் கொண்டு எழுதினால் 365 என்பது 555 என்னும் உருவம் பெறும்.

இதனை ஏழு குடும்பங்களுக்குச் சமமாகப் பகிர்வோம். ஒரு நாழியிலிருந்து குடும்பத்துக்கு ஓர் ஆழாக்கு அளந்தால் ஓர் ஆழாக்கு எஞ்சும். ஒரு குறுணியிலிருந்து குடும்பத்துக்கு ஒரு நாழி அளந்தால் ஒரு நாழி எஞ்சும். அந்நாழியைப் பகிர்ந்தால் மீண்டும் ஓர் ஆழாக்கு எஞ்சும். ஆகவே ஒவ்வொரு குறுணியும் ஒவ்வொரு நாழியும் ஓர் ஆழாக்கையே மிச்சமாகத் தருகின்றன. மொத்த மிச்சம் 5 + 5 + 5 = 15. இதில் 14-ஐப் பகிர்ந்தபின் எஞ்சுவது 1. முன்பு கண்ட விடையே.

இந்த 1-ஐ நாம் நாட்காட்டியிலும் காண்கிறோம். 365 நாள் கொண்ட ஆண்டில் 52 வாரமும் ஒரு நாளும் அடங்கும். அதனாலேயே இவ்வாண்டு திங்கட்கிழமையில் வந்த ஒரு தேதி, இடையில் பிப்ரவரி 29 வாராதாயின், அடுத்த ஆண்டு செவ்வாய்க்கிழமையில் வருகிறது.

சிறுமி கேட்ட விதி இவ்வாறு அவளுடைய பாட்டனார் நெல்லளந்த மரக்காலிலேயே இருந்திருக்கிறது.

3. மகாவீராசாரியரின் எண்மாலைகள்

பத்தின் அடிமானத்தில் ஏழுக்கு எளிய விதி இல்லையாயினும், அது காட்டும் அழகு வேறொன்று. அதனைக் கண்டு நூலில் வைத்தவர் நம் சமயத்தைச் சார்ந்த கணித மேதை மகாவீராசாரியர். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 850-ஐ ஒட்டி, அவர் வடமொழியில் ‘கணித சார சங்கிரகம்’ என்னும் நூலை இயற்றினார். அந்நூல் அச்சேறியது நம் சென்னையில் என்பதை இளைய தலைமுறையினர் அறிந்திருத்தல் வேண்டும். மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராகவும், அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் காப்பாளராகவும் விளங்கிய மு. ரங்காசாரியார், சுவடிகளை ஒப்புநோக்கி, ஆங்கில மொழிபெயர்ப்புடனும் குறிப்புகளுடனும் பதிப்பித்தார். சென்னை அரசாங்க அச்சகம் 1912-ஆம் ஆண்டு அதனை வெளியிட்டது. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கணித வரலாற்றாசிரியர் டேவிட் யூஜின் ஸ்மித் முன்னுரை எழுதினார். மயிலையிலிருந்து கடற்கரைச் சாலை வழியே சற்றுத் தொலைவில் உள்ள சேப்பாக்கத்து மாநிலக் கல்லூரியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்நினைவு வரும்.

அந்நூலில் பெருக்கல் பற்றிய பகுதியில் ஆசாரியர் சில எண்களைப் பெருக்கச் சொல்கிறார். விடைகள் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக, கழுத்தணியில் கோத்த மணிகள்போல் அமைகின்றன. அவற்றுட் சில:

139 × 109 = 15151
152207 × 73 = 11111111
12345679 × 9 = 111111111
14287143 × 7 = 100010001
142857143 × 7 = 1000000001

இவற்றுள் 139, 109, 73, 7 ஆகியன பகா எண்கள். கடைசி இரண்டும் நம் ஏழுக்கு உரியவை. அவை தற்செயலாக அமைந்தவை அல்ல. 1-ஐ 7-ஆல் வகுத்தால் 0.142857142857... என்று ஆறு இலக்கங்கள் முடிவின்றிச் சுழல்கின்றன. இவ்வாறு இலக்கங்களை முதலில் மூன்றாகவும் பிந்தி மூன்றாகவும் பிரித்துக் கூட்டினால் 142 + 857 = 999.

மாலைகளின் காரணத்தையும் மிச்சங்களைக் கொண்டே அறியலாம். பத்தின் அடுக்குகளை 7-ஆல் வகுக்க 3, 2, 6, 4, 5, 1 என மிச்சங்கள் சுழல்வதைக் கண்டோம். 1000000001 என்பதில் ஓர் ஒன்று பத்தின் ஒன்பதாம் அடுக்கில் நிற்கிறது. சுழற்சியில் ஒன்பதாவது மிச்சம் 6. மற்றோர் ஒன்று ஒன்றிடத்தில் நிற்கிறது, மிச்சம் 1. கூட்டினால் 7. ஆகவே மீதியின்றி வகுபடுகிறது. 100010001 என்பதில் எட்டாம் அடுக்கின் மிச்சம் 2, நான்காம் அடுக்கின் மிச்சம் 4, ஒன்றிடத்து மிச்சம் 1. கூட்டினால் இங்கும் 7. கணினியோ பொறியோ இல்லாத காலத்தில் ஆசாரியர் இவ்வெண்களைத் தேர்ந்தெடுத்தார் என்பது நாம் வணங்கத்தக்கது.

4. முந்திரிக் கணக்கில் ஏழு

நம் தமிழ்க் கணக்கில் மற்றோர் அடிமானமும் உண்டு. உலகில் பிறர் அரிதாகவே கையாண்ட பேரெண் அது: 320. ஒன்றை 320 கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. 4 முந்திரி ஒரு காணி. 16 முந்திரி ஒரு மா. 20 முந்திரி ஒரு மாகாணி, அதாவது வீசம். 80 முந்திரி கால். முந்திரியை மீண்டும் 320 கூறாக்கினால் கீழ்முந்திரி. அஃதாவது, ஒன்றில் 1,02,400-இல் ஒரு கூறு. தசம முறையில் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என இறங்குவதுபோல, இங்கே 320-இல் ஒன்று, அதன் 320-இல் ஒன்று என இறங்குகிறோம்.

இம்முறையில் ஒன்றை ஏழாக வகுப்போம். 320-ஐ 7-ஆல் வகுக்க ஈவு 45, மீதி 5. மீதி 5-ஐ 320-ஆல் பெருக்கி 7-ஆல் வகுக்க ஈவு 228, மீதி 4. இவ்வாறே தொடர்ந்தால் ஈவுகள்

45, 228, 182, 274, 91, 137

என வந்து, மீதி 1 ஆகி, மீண்டும் 45-இலிருந்து சுழலும். முதல் ஈவாகிய 45 முந்திரியை வாய்பாட்டு மொழியிற் சொன்னால் ‘இருமா முக்காணி முந்திரி’. இருமாவுக்கு 32, முக்காணிக்கு 12, முந்திரி 1, ஆக 45. ஏழில் ஒன்று அதனினும் சிறிது மிகும்.

ஆறு ஈவுகளை மும்மூன்றாகப் பிரித்து, முதலாவதையும் நான்காவதையும் கூட்டுக: 45 + 274 = 319. இரண்டாவதும் ஐந்தாவதும்: 228 + 91 = 319. மூன்றாவதும் ஆறாவதும்: 182 + 137 = 319. தசமத்தில் 142-உம் 857-உம் கூடி எல்லாம் ஒன்பதானது போல, இங்கே எல்லாம் 319 ஆகின்றன. பத்தில் ஒன்று குறைந்தது 9. 320-இல் ஒன்று குறைந்தது 319. உருவம் முற்றிலும் மாறியும் உள்ளிருக்கும் ஒழுங்கு மாறவில்லை.

இந்த 319-ஐப் பகுத்துப் பார்த்தால் 11 × 29. இரண்டும் பகா எண்கள். ஆகவே ஒன்றைப் பதினொன்றாக வகுத்தால் 29 முந்திரி, 29 கீழ்முந்திரி என்று 29 ஒன்றே சுழலும். வாய்பாட்டில் 29 முந்திரி ‘ஒருமா முக்காணி முந்திரி’. ஒன்றை இருபத்தொன்பதாக வகுத்தால் 11 ஒன்றே சுழலும். இருபத்தொன்பதில் ஒன்றைத் தசமத்தில் எழுதிப் பாருங்கள்: 28 இலக்கங்கள் வந்தபின்னரே சுழற்சி தொடங்கும். பத்தினிடத்தில் அத்துணை கடினமாகத் தோன்றும் 29, முந்திரியினிடத்தில் இத்துணை எளிதாகிறது. 29 கடினமான எண்ணா, எளிய எண்ணா என்று கேட்பின், எதனை அடியாகக் கொண்டு கேட்கிறீர்கள் என்றே திருப்பிக் கேட்க வேண்டும்.

இன்னுமொன்று. 320-ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்துமே கிடைக்கும். 3, 7, 11 என்பவை அதில் இல்லை. ஆதலால் முந்திரி, கீழ்முந்திரி என எத்துணை படி இறங்கினும் மூன்றில் ஒன்றும் ஏழில் ஒன்றும் முடிவடையா. நம் முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர் போலும். கீழ்முந்திரிக்குக் கீழே அவர்கள் 320-ஐ விட்டுவிட்டனர். கீழ்முந்திரியை 21 கூறாக்கினால் ஒரு கூறு இம்மி என்று ஒரு வாய்பாடு கூறும். பத்தரைக் கூறு என்பாரும் உளர். அதுவும் 21-இன் பாதியே. 21 என்பது 3 × 7. இக்கணக்கின்படி ஒன்றுக்கு 21,50,400 இம்மி. அதனை ஏழாக வகுத்தால் 3,07,200 இம்மி, மீதி இல்லை. முடிவின்றிச் சுழன்ற ஏழில் ஒன்று இம்மியில் வந்து அமைதி பெறுகிறது.

5. இரண்டை அடியாகக் கொண்டால்

நம் ஆசாரியர்கள் இரண்டின் அடுக்குகளைப் பெரிதும் கையாண்டனர். வீரசேனாசாரியர் கி.பி. 816-இல் நிறைவு செய்த தவளா உரையில் ‘அர்த்தச்சேதம்’ என்னும் கருத்து வருகிறது. ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதே அதன் அர்த்தச்சேதம். 32-ஐ ஐந்து முறை பாதியாக்கினால் 1 வரும். ஆகவே 32-இன் அர்த்தச்சேதம் 5. மூன்று மூன்றாக வகுப்பதற்குத் திரிகச்சேதம் என்றும், நான்கு நான்காக வகுப்பதற்குச் சதுர்த்தச்சேதம் என்றும் பெயர். மூடபித்திரியில் நெடுங்காலம் காக்கப்பட்ட தவளா ஓலைகள் ஹீராலால் ஜைன் அவர்களின் பதிப்பாக 1939 முதல் அச்சில் வரத் தொடங்கியபின், கணித வரலாற்றறிஞர் இவற்றை வியந்து நோக்கினர்.

இரண்டின் அடிமானத்தில் 0, 1 என்னும் இரண்டு குறிகளே உண்டு. ஏழு அங்கே 111 ஆகும்: 4 + 2 + 1. ஏழில் ஒன்றோ அரைக்காலும், அரைக்காலில் அரைக்காலும், அதிலும் அரைக்காலுமாக முடிவின்றித் தொடரும். சுழலும் இலக்கங்கள் மூன்றே: 001.

இந்த 111 நமக்கு வேறொன்றையும் நினைவூட்டுகிறது. சியாத்வாதத்தின் ஏழு பங்கங்களும் மூன்று அடிப்படைக் கூற்றுகளிலிருந்து பிறக்கின்றன: உண்டு, இல்லை, உரைக்கொணாதது. உண்டு என்பதை வலக்கோடியிலும், இல்லை என்பதை நடுவிலும், உரைக்கொணாதது என்பதை இடக்கோடியிலும் வைத்து, கூற்று அமைந்தால் 1 எனவும் அமையாவிடில் 0 எனவும் குறித்தால்,

001 – உண்டு
010 – இல்லை
011 – உண்டு, இல்லை
100 – உரைக்கொணாதது
101 – உண்டு, உரைக்கொணாதது
110 – இல்லை, உரைக்கொணாதது
111 – உண்டு, இல்லை, உரைக்கொணாதது

என ஒன்று முதல் ஏழு வரை எண்கள் முறையே வருகின்றன. எட்டாவது பங்கம் ஏன் இல்லை என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இப்பட்டியலே விடை. எஞ்சியிருப்பது 000 மட்டுமே. அஃதாவது ஒன்றுமே கூறாமை. ஆசாரியர்கள் இவ்விரண்டு குறிகளால் எழுதினர் என்று நான் கூறவில்லை. அவர்கள் கூற்றுகளை எண்ணிய முறையும் இவ்வடிமானமும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்பதே கருத்து. புள்ளியியலறிஞர் மகலனோபிஸ் 1954-இல் வெளியிட்ட கட்டுரையில், சியாத்வாதம் நிகழ்தகவுச் சிந்தனைக்கு நெருங்கியது என்று எடுத்துக்காட்டினார்.

6. ஐந்து கண்டு ஆறை உறுதி செய்தல்

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். நம் நூல்களில் இரண்டின் வர்க்கத் தொடர் ஒன்று உண்டு. 2-ஐ வர்க்கமாக்க 4, அதனை வர்க்கமாக்க 16, பிறகு 256, பிறகு 65,536. இதற்குப் பண்ணட்டி என்று பெயர். அதனை வர்க்கமாக்க 429,49,67,296, இது பாதால். இதன் வர்க்கம் ஏகட்டி. கோம்மடசாரத்தில் மனிதர் தொகை கூறுமிடத்துப் பாதாலின் கனம், அதாவது 29 இலக்கம் கொண்ட பேரெண், எடுத்தாளப்படுகிறது.

இத்தொடரின் ஒவ்வோர் எண்ணுடனும் ஒன்றைக் கூட்டுக: 3, 5, 17, 257, 65,537. ஐந்தும் பகா எண்கள். இரண்டின் அடிமானத்தில் அவை 11, 101, 10001 என மகாவீராசாரியரின் மாலைகளைப் போன்றே தோன்றுகின்றன. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டுக் கணிதமேதை பெர்மா இவ்வைந்தையும் கண்டு, இத்தொடரில் வரும் எல்லாமே பகா எண்கள் என்று கருதினார். 1732-இல் ஆய்லர், பாதாலோடு ஒன்று கூட்டிய எண் 641-ஆல் வகுபடும் என்று காட்டினார்:

641 × 67,00,417 = 429,49,67,297

இதனை உயர்நிலைப்பள்ளி மாணவரும் மெய்ப்பிக்கலாம். 641 = 640 + 1. மேலும் 641 = 625 + 16. 640-இன் நான்காம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவதை 641 மீதியின்றி வகுக்கும். ஏனெனில் அதன் காரணிகளுள் 640 + 1 ஒன்று. 640 என்பது 5-ஐ 2-இன் ஏழாம் அடுக்கால் பெருக்கியது. ஆகவே அதன் நான்காம் அடுக்கு 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கியதாகும். இனி, 641-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கினால் வருவதையும் 641 வகுக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எஞ்சுவது, 16-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கி ஒன்று கூட்டியது. அதுவே 2-இன் 32-ஆம் அடுக்கும் ஒன்றும், பாதாலும் ஒன்றும். வகுபடும் இரு எண்களின் வேறுபாடும் வகுபடுமாதலால் இது மெய்யாயிற்று.

640 என்பது இரண்டு 320. ஆகவே முந்திரியின் அடிமானத்தில் எழுதினால் 641-இன் உருவம் 21. பெர்மாவின் கருத்தை வீழ்த்திய எண், நம் அடிமானத்தில் இரண்டே இலக்கத்தில் அடங்கி நிற்கிறது.

ஐந்து எடுத்துக்காட்டுகள் கண்ணுக்கு அழகாக இருந்தன. ஆறாவது பொய்த்தது. தோற்றத்தின் ஒழுங்கைக் கண்டு இயல்பை முடிவு செய்தால் பெரியோரும் பிழைபடுவர். என் போன்ற ஆசிரியரைச் சொல்ல வேண்டுவதில்லை.

7. மாறுவதும் மாறாததும்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக்கொள்வோம். ஏழில் ஒன்றை எழுதும்போது சுழலும் இலக்கங்கள் பத்தின் அடிமானத்தில் 6, முந்திரியில் 6, இரண்டில் 3, எட்டில் 1. உருவங்கள் வேறு, நீளங்களும் வேறு. ஆனால் 6, 6, 3, 1 ஆகிய ஒவ்வொன்றும் 6-ஐ மீதியின்றி வகுக்கின்றன. 6 என்பது ஏழில் ஒன்று குறைந்தது. 29-க்குத் தசமத்தில் 28, முந்திரியில் 1. இரண்டும் 28-ஐ வகுக்கின்றன. 11-க்குத் தசமத்தில் 2, முந்திரியில் 1. இரண்டும் 10-ஐ வகுக்கின்றன. எந்தப் பகா எண்ணாயினும், அடிமானத்தை அது வகுக்காதாயின், சுழலும் இலக்கங்களின் தொகை அப்பகா எண்ணில் ஒன்று குறைந்ததை வகுத்தே தீரும். இதுவும் ஐந்தாறு எடுத்துக்காட்டுகளைக் கண்டு துணிந்ததன்று. பெர்மா 1640-இல் கூறி, பின்னர் ஆய்லர் மெய்ப்பித்த உண்மையின் பயன்.

ஸ்ரீ சமந்தபத்திர சுவாமிகள் ஆப்தமீமாம்சையில் பொற்குடத்தை உருக்கி முடி செய்த உவமையைக் கூறுகின்றார். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான். முடியை விரும்பியவன் மகிழ்கிறான். பொன்னை விரும்பியவன் இரண்டுமின்றி இருக்கிறான். 142857 என்பதும், 45, 228, 182 என்பதும், 001 என்பதும் பரியாயங்கள். அவை பொய்யல்ல, அந்தந்த அடிமானத்தை அபேட்சித்து அவை மெய்யே. ஆனால் அவற்றுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு இதுவே ஏழின் இயல்பு என்பது ஏகாந்தம். எல்லா உருவங்களிலும் ஊடுருவி நிற்பதே திரவியத்தின் தன்மை.

அடுத்த ஞாயிறன்று அச்சிறுமியிடம், “சென்ற வாரம் நான் கூறிய விடை தவறு, அம்மா” என்று சொல்லிவிட்டு, ஒரு படியும் ஓர் ஆழாக்கும் எடுத்து வைத்து அரிசியைப் பகிர்ந்து காட்டினேன். அவள் சற்று நேரம் பார்த்திருந்து, “அப்படியானால் பத்துக்குத்தான் ஏழைத் தெரியவில்லை” என்றாள். இதனினும் நன்றாக என்னால் கூற இயலவில்லை.

வந்தவாசி, திண்டிவனம், ஆரணி வட்டாரங்களில் நம் முன்னோர் இல்லங்களில் பழைய வாய்பாட்டுச் சுவடிகளோ, எண்சுவடிப் புத்தகங்களோ இருக்குமாயின், பரண் ஒழிக்கும்போது அவற்றை எறிந்துவிடாதீர்கள். முந்திரியும் இம்மியும் வீட்டு மூத்தோர் வாயில் இன்னும் இருக்குமாயின், பிள்ளைகள் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

பயிற்சி

1. 500 ஆழாக்கைக் குறுணி, நாழி, ஆழாக்காக எழுதி, 7-ஆல் வகுக்க வரும் மீதியை இலக்கங்களைக் கூட்டிக் காண்க.
2. மூன்றில் ஒன்றை முந்திரி, கீழ்முந்திரியில் எழுதுக. சுழலும் இரண்டு ஈவுகளையும் கூட்டினால் என்ன வரும்?
3. வீசத்தை, அதாவது 16-ஐ, அடிமானமாகக் கொண்டு ஐந்தில் ஒன்றை எழுதுக. தசமத்தில் முடிவடையும் இப்பின்னம் இங்கே முடிவடைகிறதா?
4. 100010001, 1000000001 ஆகிய இரண்டு மாலைகளையும் இரண்டின் அடிமானத்தில் உள்ளனவாகப் படித்து, அவற்றின் மதிப்பைக் காண்க. ஏழு எதனை வகுக்கிறது?

விடைகள்: (1) 7 குறுணி 6 நாழி 4 ஆழாக்கு, கூட்டுத்தொகை 17, மீதி 3. (2) 106, 213, கூட்டினால் 319. (3) முடிவடையாது, 3 ஒன்றே சுழலும். (4) முதலாவது 273, அது 7 × 39. இரண்டாவது 513, அது ஏழால் வகுபடாது. மகாவீராசாரியரின் மாலைகளுள் ஒன்று அடிமானம் மாறியும் ஏழுக்கு உரியதாக நிற்கிறது; மற்றொன்று நிற்கவில்லை.

அறம் வளர்க!